படிப்புக்கும் ஒரு பேரேடு: முதன்முறையாகக் குரூப் 4 எழுதும் செட்டிநாட்டுத் தேர்வர்களுக்கு

தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது அரிது. புதுப் புத்தகமும் புது அட்டவணையும் கையில் இருக்கும் வரை உற்சாகத்துக்குக் குறைவிருக்காது. மூன்றாம் வாரத்திலோ நான்காம் வாரத்திலோ, இத்தனை நாள் படித்ததில் எவ்வளவு மனத்தில் தங்கியிருக்கிறது என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்ள முடியாத நிலை வரும்போதுதான் பலர் தளர்ந்துபோகிறார்கள். உழைத்த உழைப்புக்கு என்ன மிஞ்சியது என்று தெரியாதவர்களுக்கு மேலும் உழைக்க மனம் வராது என்பது இயல்பே. எனவே இங்கே ஊக்கமொழிகளைத் தேடாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரத்தில் வீட்டிலிருந்தபடியோ, ஒரு வேலையில் இருந்தபடியோ தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு முதன்முறையாகப் படிக்கும் ஒருவர், தம் படிப்பைக் கணக்கு வைத்து நடத்துவது எப்படி என்பதையே இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. குரூப் 2 தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

விண்ணப்பமும் சான்றிதழும் முதல் வாரத்திலேயே

குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தேர்வு ஒரே தாள்தான். 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இவற்றில் 100 வினாக்கள் தமிழுக்கும், 75 வினாக்கள் பொது அறிவுக்கும், 25 வினாக்கள் திறனறிவுக்கும் உரியவை. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் பெறாதவரின் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் தமிழில் குறைந்தது 40 வினாக்களாவது சரியாக இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு முன்பு தனித் தேர்வு நடந்தது. இப்போது அதுவும் குரூப் 4 தேர்வுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அறிவிக்கை வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத வேலைகள் சில உண்டு. தேர்வாணைய இணையதளத்தில் செய்ய வேண்டிய ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய்; அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தப் பதிவில் உங்கள் பெயரும் பிறந்த நாளும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் பழையதாக இருந்தால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அதைக் கோர, முதல் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளில் சான்றிதழ் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிராமத்திலும் உயர்நிலைப் பள்ளி ஒரு நகரத்திலும் படித்தவர்கள் இரண்டு இடங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கும் என்பதால், கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலையாமல், பள்ளி நடக்கும் காலத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஒரு சான்றிதழுக்காக மூன்று நாள் அலைந்தால், அந்த மூன்று நாளோடு அதற்குப் பிறகான ஒரு வாரப் படிப்பும் சேர்ந்தே போய்விடும்.

பாடத்திட்டத்தைத் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்தே எடுங்கள். நண்பர் அனுப்பிய பழைய பிரதி வேண்டாம். பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. அதை அச்செடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அது எந்த வகுப்புப் பாடநூலின் எந்த இயலில் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துவிட்டால், படிக்க வேண்டியதற்கு ஓர் எல்லை தெரிந்துவிடும். எல்லை தெரியாத படிப்பைப் போல மனத்தைச் சோர்வடையச் செய்வது வேறொன்றுமில்லை.

கையிருப்பைப் பாருங்கள்

படிக்கத் தொடங்கும் முன்பே, சென்ற ஆண்டு வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வாணைய இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றும் படிக்காமல் எப்படி எழுதுவது என்று தோன்றும். ஆனால் பள்ளியில் படித்ததில் எவ்வளவு இன்னும் மிச்சமிருக்கிறது என்பதை அறிய இதைவிட நேரான வழி இல்லை. தமிழில் 55 சரி, பொது அறிவில் 22 சரி, திறனறிவில் 9 சரி என்று வந்தால், எங்கே எத்தனை வாரம் செலவிட வேண்டும் என்பது தானே விளங்கும். பள்ளியில் தமிழை விரும்பிப் படித்த ஒருவர் தமிழையே மேலும் மேலும் படித்துக்கொண்டிருப்பதும், கணக்குக்குப் பயந்த ஒருவர் அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. முதல் நாள் மதிப்பெண் கண்ணெதிரே இருந்தால் இந்தச் சாய்வு குறையும்.

அடுத்தது நூல்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள்தான் அடித்தளம். பதினொன்றும் பன்னிரண்டும் சில பாடங்களுக்கு மட்டும் வேண்டும். வழிகாட்டி நூல் ஒன்று போதும். நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு நாளிதழும் ஒரு மாதத் தொகுப்பும் போதும். டெலிகிராம் குழுக்களில் இலவசமாக வரும் பிடிஎஃப் கோப்புகளைக் கைபேசி நிரம்பும் வரை இறக்கி வைப்பது இன்றைய தேர்வர்களின் பொது நோய். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். அவர் சேர்த்தவை இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாகப் பயன்படுகின்றன. சேர்ப்பதே அவருடைய பணி. தேர்வருக்கு அந்தப் பணி வேண்டாம். இறக்கி வைத்த கோப்புகளில் இந்த மாதம் திறந்தே பார்க்காதவற்றை அழித்துவிடலாம்.

ஊர் நாட்காட்டியோடு போடும் அட்டவணை

சென்னையிலோ மதுரையிலோ விடுதியில் தங்கிப் படிப்பவர் போடும் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊரில் அது பத்து நாள் கூடத் தாங்காது. இங்கே மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் குன்றக்குடி. ஆவணியில் பிள்ளையார்பட்டி சதுர்த்தி. தை பிறந்தால் சிறாவயல் மஞ்சுவிரட்டு. பழனிக்குப் பாதயாத்திரை போகும் குடும்பமானால் அந்த நாள்களும் உண்டு. இவற்றின் நடுவே கல்யாணம், மணிவிழா, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுதல் என்று அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருக்கும். கல்யாண மாதத்தில் ஒரு பெரிய வீட்டில் விசேஷம் என்றால், தெருவே ஒலிபெருக்கியோடுதான் விழிக்கும்.

இவையெல்லாம் படிப்புக்கு இடையூறு என்று சலித்துக்கொள்வதால் பயனில்லை. ஒரு பெரிய நாட்காட்டியை எடுத்து, தேர்வு நாள் வரை போக முடியாது என்று சொல்ல இயலாத நாள்களை முதலில் வட்டமிட்டுவிட்டு, மிச்சமுள்ள நாள்களுக்கு மட்டும் பாடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். அதிலும் வாரத்துக்கு ஆறு நாளுக்கே திட்டமிட வேண்டும். ஏழாம் நாள், விட்டுப்போனதை முடிப்பதற்கு. வாரம் முழுதும் நிரம்பிய அட்டவணையில் ஒரு நாள் தவறினால் அடுத்த நாள்மீது அது ஏறிக்கொள்ளும். இரண்டு நாள் ஏறியதும் அட்டவணையையே பார்க்கப் பிடிக்காது.

விசேஷங்களில் தலையைக் காட்டிவிட்டு வருவது வேறு, மூன்று நாளும் பந்தி பார்ப்பது வேறு. தேர்வு முடியும் வரை முகூர்த்தத்துக்கு மட்டும் வருகிறேன் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்பத்தாவோ ஆச்சியோ உங்கள் பக்கம் பேசிவிட்டால் மற்றவர்கள் கேட்கமாட்டார்கள். வீட்டிலிருந்து படிக்கும் பையன் சும்மாதான் இருக்கிறான் என்ற எண்ணத்தில் “ஒரு எட்டு டவுனுக்குப் போயிட்டு வந்துருப்பா” என்று அனுப்புவார்கள். அதை அடியோடு மறுப்பதைவிட, “பதினோரு மணிக்குப் போறேன் ஆச்சி” என்று நேரம் சொல்வது எளிது. எந்த நேரத்தில் உங்களைக் கூப்பிடக்கூடாது என்பது இரண்டு வாரத்தில் வீட்டுக்கே பழகிவிடும். பெண்களுக்கு இது இன்னும் கடினம். அடுக்களை வேலை அவர்கள் அட்டவணையைக் கேட்டு நடப்பதில்லை. காலைச் சமையல் முடிந்து மதியச் சமையல் தொடங்கும் முன் உள்ள ஒன்றரை மணி நேரத்தையாவது தமக்கென்று வீட்டாரிடம் சொல்லி உறுதி செய்துகொள்ளாத பெண், இரவு பதினொரு மணிக்குமேல் தூக்கத்தோடு போராடித்தான் படிக்க வேண்டியிருக்கும். இது அவர் ஒருவர் மட்டும் தீர்க்க வேண்டிய சிக்கல் இல்லை. வீட்டில் இன்னொருவர் ஒரு வேளைப் பாத்திரத்தைக் கழுவினால் தீர்வது.

ஜவுளிக்கடையிலோ, முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலோ, கானாடுகாத்தான் விடுதியிலோ வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள், இரவு வீடு திரும்பியபின் புதுப் பாடத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. புதியதைக் காலை ஐந்து மணிக்கும், பழையதைத் திருப்பிப் பார்ப்பதை டவுன் பஸ்ஸிலும், வினாக்களுக்கு விடை குறிப்பதை இரவிலும் வைத்துக்கொண்டால், நாளைக்கு மூன்று மணி நேரம் நிச்சயம் கிடைக்கும். ஆறு மாதம் விடாமல் படிக்கும் மூன்று மணி நேரம், கடைசி மாதத்தில் வேலையை விட்டுவிட்டு நாளெல்லாம் படிப்பதைவிட மேலானது என்பதே என் முடிவு.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய வீடுகளில் பட்டாலையோ இரண்டாங்கட்டோ வெயில் நேரத்தில் குளுமையாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்துக்கொண்டு படித்தால் தூக்கம் வந்துவிடும் என்பதால், உட்கார்ந்து படிக்க ஒரு சாய்மேசையாவது வேண்டும். வீட்டில் இடமில்லாதவர்கள் கிளை நூலகத்தை நாடலாம்; வார விடுமுறையை மட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி நடக்கும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

படித்ததைக் கணக்கில் ஏற்றுதல்

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போகும் சிறுவன் முதலில் பழகியது கணக்கு எழுதத்தான். அன்றன்றைய வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றி, காலம் தவறாமல் ஐந்தொகை, அதாவது வரவு, செலவு, நிலுவையின் சுருக்கக் கணக்கு எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதை யாரும் அந்த ஏட்டில் எழுதவில்லை. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு இன்னும் வராமல் நிற்கிறது என்பதை மட்டுமே எழுதினார்கள். படிப்புக்கும் இந்த முறையே பொருந்தும்.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு தலைப்பு: ‘எட்டுத்தொகை’, ‘இந்திய அரசியலமைப்பு: அடிப்படை உரிமைகள்’, ‘தனிவட்டி’ என்று பாடத்திட்டத்தின் வரிசையில் எழுதிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள் போதும்: படித்த தேதி, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்ததில் எத்தனை சரி, எவை தவறின, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். படித்த மணி நேரத்துக்கு அதில் இடமே இல்லை. மணி நேரத்தை எழுதத் தொடங்கினால் மணி நேரத்தைக் கூட்டவே மனம் போகும். நான்கு மணி நேரம் புத்தகத்தின் முன் இருந்துவிட்டு, அதில் மூன்று மணி நேரம் கைபேசியைப் பார்த்தவரும் ஏட்டில் நான்கு என்றே எழுதுவார்.

மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவாக மறந்துபோகின்றன என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாள்களிலேயே நழுவிவிடுகிறது, அதன் பிறகு நழுவும் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களிடம் நடத்திய சோதனை இன்னும் நேராக நமக்கு உதவும். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். குரூப் 4 தேர்வு ஐந்து நிமிடம் கழித்து நடப்பதில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போய், எல்லாம் தெரிந்ததாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் தேர்வறையில் கைவிடுகிறது.

ஆகவே, இன்று படித்ததை நாளைக் காலை, பிறகு நான்காம் நாள், பிறகு பத்தாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டுப் பார்க்கும்படி நான்காம் பத்தியில் தேதி எழுதுங்கள். இடைவெளி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தவறின எண்ணிக்கை அதிகமாக இருந்தால் சீக்கிரம் பாருங்கள், குறைவாக இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் முக்கால் மணி நேரம் அன்றைக்குத் தவணை வந்த பழைய பாடங்களுக்கே. அதை முடிக்காமல் புதுப் பாடத்தைத் திறக்கக்கூடாது என்ற ஒரே ஒழுங்கை மட்டும் கடைப்பிடித்தாலே மற்றவை பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஞாயிறு மாலை ஐந்தொகை எடுக்கும் நேரம். வாரத்தில் படித்த எல்லாத் தலைப்புகளிலிருந்தும் கலந்து 50 வினாக்களை நேரம் வைத்து எழுதி, தவறியவற்றை அந்தந்தத் தலைப்பின் பக்கத்தில் ஏற்றுங்கள். ஒரே தவறு மூன்று வாரம் தொடர்ந்து நிலுவையில் நின்றால், அது மறதி இல்லை. அடிப்படை புரியவில்லை என்று பொருள். அந்தப் பாடத்தைக் கீழ்வகுப்பு நூலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அல்லது தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

ஊரே பாடமாக இருக்கும் இடங்கள்

நம் பகுதித் தேர்வர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. பாடத்திட்டத்தின் ஒரு பகுதி நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊர்களிலேயே நடந்தது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர், பிள்ளையார்பட்டிக்கு அடுத்துள்ள நம் திருப்பத்தூர்தான். 2019இல் உருவான வடமாவட்டத் திருப்பத்தூர் இல்லை. இந்தக் குழப்பம் வேறு மாவட்டத்தவருக்கு வரலாம், நமக்கு வரக்கூடாது. வேலுநாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் 1772இல் வீழ்ந்தது காளையார்கோவில் போரில். கணியன் பூங்குன்றனாரின் ஊராகச் சொல்லப்படும் மகிபாலன்பட்டி திருப்பத்தூர் வட்டத்தில் இருக்கிறது. பாரியின் பறம்பு மலை என்பது பிரான்மலை. பறவைகள் சரணாலயங்களின் பட்டியலில் வரும் வேட்டங்குடி, தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயை உள்ளடக்கியது. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டியது, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில்.

இவற்றையெல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, சிவகங்கை மாவட்ட வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து, ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் செய்தியையும் எழுதி வைத்தால் மறக்காது. பிறகு அதே வரைபடத்தைப் பார்க்காமல் மறுபடி வரைய வேண்டும். பொன்னமராவதிப் பக்கத்தினர் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் இப்படியே செய்யலாம். தெரிந்த ஊர்களில் தொடங்கிப் பழகியபின், தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் இந்த வரைபட முறையை நீட்டிக்கொண்டு போவது எளிது.

திறனறிவில் வரும் வட்டிக் கணக்கிலும் நமக்குப் பழக்கம் கைகொடுக்கும்; கொஞ்சம் இடறவும் செய்யும். இங்கே பேச்சில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 24 விழுக்காடு. வினாத்தாளில் இரண்டு விழுக்காடு என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஆண்டு வட்டி. 5,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டுத் தனிவட்டி, ஆண்டுக்கு இரண்டு விழுக்காடானால் 300 ரூபாய்; ஊர்க் கணக்கில் இரண்டு வட்டியானால் 3,600 ரூபாய். வினாவில் ‘மாதம்’, ‘ஆண்டு’, ‘அரையாண்டுக்கு ஒரு முறை’ என்ற சொற்களை முதலில் அடிக்கோடிட்டுவிட்டுப் பிறகே கணக்கைத் தொடுங்கள். திறனறிவின் 25 வினாக்களுக்கு நாள்தோறும் பத்துக் கணக்கு போடுவது போதும். ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

மனம் தளரும் நாள்களில்

படிக்கவே பிடிக்காத நாள் எல்லோருக்கும் வரும். அப்படிப்பட்ட நாளில் மனம் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு அது மாலை வரை வராது. அன்றைக்கென்று மிகச் சிறிய ஒரு வேலையை முன்பே தீர்மானித்து வையுங்கள்: பேரேட்டில் தவணை வந்த ஒரே ஒரு தலைப்பு, பத்து வினாக்கள், அவ்வளவுதான். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில் தம் மாணவப் பருவத்தில் வகுத்த முறையும் இதற்கு உதவும். 25 நிமிடம் ஒரே வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்குப் பிறகு நீண்ட ஓய்வு என்பது அது. ஓய்வு ஐந்து நிமிடத்தில் கைபேசியைத் தொட்டால் அது அரை மணி நேரமாகிவிடும். முற்றத்தில் நடந்துவிட்டு வாருங்கள். கைபேசியை வேறு அறையில் வைப்பதும், நேரம் பார்க்கப் பழைய கடிகாரம் ஒன்றைப் பயன்படுத்துவதும் தவிர வேறு எந்தத் தந்திரமும் இதில் நெடுநாள் பலிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தளர்ச்சிக்கு இன்னொரு காரணம் எண்ணிக்கை. 2024 குரூப் 4 தேர்வுக்கு 6,244 பணியிடங்கள் முதலில் அறிவிக்கப்பட்டபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. ஆனால் அவர்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வறைக்கே வரவில்லை. வந்தவர்களிலும் ஒரு முழு வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பழகாதவர்கள் ஏராளம். நீங்கள் 20 லட்சம் பேரோடும் போட்டியிடுகிறீர்கள் என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது. அதற்காக வாய்ப்பு எளிது என்றும் நான் சொல்ல வரவில்லை. முதல் முறையிலேயே கிடைக்காமல் போகலாம். அதனால் வேலையில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிப்பதே நல்லது என்று முன்பே சொன்னேன்.

சேர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் மூவர், நால்வருக்கு மேல் சேராதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை சந்தித்து, ஒருவர் எழுதிய வினாக்களுக்கு மற்றவர் விடை சொல்வதோடு முடித்துக்கொள்ள வேண்டும். கட் ஆஃப் எவ்வளவு வரும், தேர்வு தள்ளிப்போகுமா என்ற பேச்சு தொடங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

உறவினர் கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். கல்யாண வீட்டில் “இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?” என்று கேட்பவர் பெரும்பாலும் வேறு பேச்சில்லாமல்தான் கேட்கிறார். “ஆமாம் சித்தப்பா, ஜூலையில் தேர்வு” என்று தேதியோடு சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கடைசி மாதமும் தேர்வு நாளும்

கடைசி முப்பது நாளில் புதுத் தலைப்பு எதையும் தொடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு முழு மாதிரித் தேர்வு, அதுவும் உண்மைத் தேர்வு நடக்கும் காலை 9.30 முதல் 12.30 வரையிலேயே எழுத வேண்டும். அந்த நேரத்தில் விழிப்பாக இருக்க உடம்பும் பழக வேண்டுமல்லவா? 180 நிமிடத்தில் 200 வினா என்றால் ஒன்றுக்கு 54 நொடி. தமிழை 50 நிமிடத்துக்குள் முடித்தால், பொது அறிவுக்கு 55, திறனறிவுக்கு 45 நிமிடம் கொடுத்து, அரை மணி நேரத்தைத் தயங்கிய வினாக்களுக்கு வைத்துக்கொள்ளலாம். விடைத்தாளில் வட்டம் நிரப்பும் நேரமும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், மாதிரித் தேர்வையும் ஓ.எம்.ஆர். தாள் போன்ற அச்சுப் பிரதியில் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் எழுதிப் பழகுங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் ஐந்து வட்டங்களில் எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறையும். விடை தெரியாதவர்களுக்காகவே ஐந்தாவது வட்டம் இருக்கிறது. எனினும் நான்கில் இரண்டையாவது நீக்க முடிந்தால், மிஞ்சியதில் ஒன்றைத் துணிந்து நிரப்புவதே கணக்குக்குச் சரி.

நுழைவுச்சீட்டு வந்த அன்றே தேர்வு மையம் எங்கே என்று பாருங்கள். காரைக்குடி என்று போட்டிருந்தாலும், ஊருக்குள்ளா, கல்லூரிச் சாலையிலா, புறநகரில் உள்ள ஏதாவது கல்லூரியிலா என்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் குறைவாக இருக்கும் கிராமத்தினர், முதல் நாளே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவதோ, ஊரில் உள்ள உறவினர் வீட்டில் தங்குவதோ பாதுகாப்பு. காலை 9 மணிக்குப் பிறகு வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். நுழைவுச்சீட்டு, ஆதார் போன்ற ஓர் அசல் அடையாள அட்டை, இரண்டு பேனா ஆகியவற்றை முந்தைய இரவே ஒரு கவரில் போட்டுவிடுங்கள். அன்றிரவு புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. பேரேட்டில் கடைசியாக நிலுவையில் நின்ற பக்கங்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் படுத்துவிடுவது போதும்.

தேர்வு முடிந்து சில நாளில் தேர்வாணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிடும். அதில் தவறு இருப்பதாகத் தோன்றினால், பாடநூல் பக்கத்தைச் சான்றாகக் காட்டி, குறித்த நாள்களுக்குள் இணையத்திலேயே முறையிடலாம். உங்கள் விடைகளை ஒப்பிட்டு, தவறியவற்றைத் தலைப்புவாரியாக அதே பேரேட்டில் ஏற்றி வையுங்கள். குரூப் 2 அறிவிக்கை வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதில் இருக்கும்.